பத்திரமா வச்ச இடம்

போன பொங்கலுக்கு முந்தைய பொங்கல். போகியன்று காலை ஏழு மணிக்கு என் அறை அலமாரியில் இருந்த அத்தனையையும் தரையில் இறக்கினேன். பதினொரு மணிக்குக் கட்டிலிலிருந்து கதவுக்குப் போக வழியில்லை. ஒரு மணிக்கு ஒரு பழைய கடிதக்கட்டு கையில் சிக்கியது. நாலு மணிக்கு அம்மா எட்டிப் பார்த்தபோது, குவியலுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து பதினெட்டாவது கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். எரிக்கவும் இல்லை, அடுக்கவும் இல்லை. ராத்திரி எல்லாவற்றையும் மூன்று அரிசிச் சாக்குகளில் திணித்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் படுத்தேன். இரண்டாவது சாக்கைப் பிரித்தது மாசி மாதத்தில். அதற்குள் என் பான் கார்டு இருந்தது. தொலைந்தே போய்விட்டது என்று நினைத்து, மறுபிரதிக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தேன்.

ஒரே நாளில் வீட்டைப் புரட்டிப் போடுவது எனக்கு ஆகாது என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன். அதற்கப்புறம் பதினான்கு மாதமாகத் துண்டு துண்டாகச் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். இடம், திருச்சி உறையூரில் ஒரு வாடகை வீட்டின் மாடி. என் அறை பத்தடிக்குப் பதினோரு அடி. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்.

எனக்கு ஏடிஹெச்டி இருப்பது 36 வயதில்தான் தெரிந்தது. கவனக்குறைவு, மிகைச்செயல்பாடு என்று தமிழில் எழுதுகிறார்கள். என்னிடம் மிகைச்செயல்பாடு எதையும் பார்க்க முடியாது. நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்து மெய்ப்பு (புரூஃப்) பார்க்கிற வேலை. துள்ளல் எல்லாம் தலைக்குள்ளேதான். முந்நூறு பக்கத்தில் விட்டுப்போன ஒரு ஒற்றெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவேன். ஐந்து நிமிடத்துக்கு முன் கையில் இருந்த சாவியைக் கண்டுபிடிக்க மாட்டேன்.

மருத்துவர் முதல் சந்திப்பிலேயே அம்மாவை அழைத்துவரச் சொன்னார். அவர் பின்பற்றும் டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டின்படி (2013இல் வந்தது) அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய பதிப்பில் அந்த வரம்பு 7 வயது. கவனமின்மைக்கு ஒன்பது அறிகுறிகள் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு ஆறு தேவை, 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஐந்து போதும். தேவையான பொருள்களை அடிக்கடித் தொலைப்பது அந்த ஒன்பதில் ஒன்று. அம்மா எதுவும் பேசாமல் கைப்பையிலிருந்து என் நாலாம் வகுப்பு மதிப்பெண் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். ‘நன்றாகப் படிக்கிறாள். பொருள்களைத் தொலைக்கிறாள்’ என்று ஆசிரியை எழுதியிருந்தார். அன்று காலை பீரோவைத் திறந்து அந்த அட்டையை எடுக்க அம்மாவுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இருபத்தேழு வருடத்துக் காகிதம்! அப்போது எனக்கு ஆச்சரியமாக இருந்ததே தவிர, பின்னால் இந்த வீட்டில் நடக்கப்போகும் எல்லாச் சண்டைக்கும் அந்தப் பீரோதான் காரணம் என்று தோன்றவில்லை.

மாத்திரை கொடுத்தார்கள். வேலையைத் தொடங்க அது உதவுகிறது. எந்த வேலையை என்று அது சொல்வதில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பழைய சார்ஜர் வயர்களை நிறம் பிரித்து அடுக்கிய அனுபவம் எனக்கு உண்டு. மெய்ப்பு அன்றைக்கும் தாமதம்தான்.

ரஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருடமாக ஒன்றைச் சொல்லிவருகிறார். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாததல்ல ஏடிஹெச்டி, தெரிந்ததைச் செய்ய முடியாததுதான் ஏடிஹெச்டி. அதனால் உதவி என்பது அந்த வேலை நடக்கிற இடத்திலேயே, நடக்கிற நேரத்திலேயே கண்முன்னால் இருக்க வேண்டும் என்கிறார். இதைப் படித்தபோது தலையாட்டினேன், அவ்வளவுதான். புரிந்தது அடுப்படியில். அம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அஞ்சறைப் பெட்டியின் மூடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கண் வாணலியில் இருக்க, கை மட்டும் கடுகு, சீரகம், மிளகாய் என்று போய்ப் போய் வந்தது. ஒரு மூடிதான். எல்லாம் தெரிகிறது. சேர்ந்து வேலை செய்கிற பொருள்கள் சேர்ந்தே இருக்கின்றன, அதுவும் அடுப்புக்குப் பக்கத்தில். இதே கடுகையும் சீரகத்தையும் ஏழு டப்பாக்களில் ஏழு மூடி போட்டு மேல்தட்டில் வைத்திருந்தால் எண்ணெய் கருகியிருக்கும். என் அறை முழுவதும் ஏழு மூடி போட்ட டப்பாக்களாக இருக்கிறது என்று அப்போது பட்டது.

சரி, உடனே கடைக்கு ஓடினேனா? ஓடினேன். சிங்காரத்தோப்புப் பக்கம் போய் ஒரே அளவில் பன்னிரண்டு கூடைகள், நாலு நிறத்தில். லேபிள் அடிக்கிற சின்ன மெஷின் ஒன்றும் ஆன்லைனில் வாங்கினேன். இரண்டு ராத்திரி தூங்காமல் லேபிள் அடித்தேன். ‘வயர் – சி டைப்’, ‘வயர் – பழைய போன்’, ‘வயர் – தெரியவில்லை’. மூன்றாவது வாரம், கையில் ஒரு வயரை வைத்துக்கொண்டு இது எந்தக் கூடை என்று யோசித்தபடி நின்றேன். யோசிக்க வேண்டி வந்ததுமே வயர் கட்டிலுக்குப் போய்விட்டது. இப்போது ஒரே கூடை, ‘வயர்’. தேடும்போது கிண்டித்தான் எடுக்க வேண்டும், அது பரவாயில்லை. தேடும்போது எனக்கு அவசரம் இருக்கும், அவசரம் இருந்தால் மூளை ஓடும். திருப்பி வைக்கும்போதுதான் ஓடாது. வைப்பதைச் சுலபமாக்கு, எடுப்பது கொஞ்சம் கஷ்டமாக இருக்கட்டும் என்று மாற்றிக்கொண்டேன். லேபிள் மெஷின் சும்மா கிடக்கிறது.

அப்புறம்தான் ஒழுங்காக ஆரம்பித்தேன். ஒரு வாரம் எதையும் எடுத்து வைக்கவே இல்லை. எது எங்கே விழுகிறது என்று மட்டும் பார்த்தேன். விழுந்த இடத்தில் ஒரு துண்டு காகித டேப் ஒட்டி, மேலே பேனாவால் பொருளின் பெயரை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் என் அறையின் வரைபடம் தானாகவே வந்திருந்தது. கண்ணாடி, ஹெட்போன், தண்ணீர் பாட்டில் எல்லாம் கட்டிலின் இடது பக்கம். கைப்பை சோபாவில். ஒருமுறை உடுத்திய துணி நாற்காலியில். பில்களும் காகிதங்களும் டிவி மேல். ஒரு பொருள்கூட நான் அதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் விழவில்லை. கூடவே ஒரு கணக்கும் எடுத்தேன். ஆறு நகவெட்டி, நாலு இஞ்ச் டேப், பாதி தீர்ந்த ஃபெவிகால் மூன்று, ஒரே ஊரின் ரயில்வே கால அட்டவணை இரண்டு. எல்லாம் கிடைக்காமல் திரும்பத் திரும்ப வாங்கியவை.

அலமாரிக் கதவுகள்

சுவருக்குள் கட்டிய அலமாரி, நாலு கடப்பாக் கல் தட்டு, மரச்சட்டத்தில் மேலும் நடுவிலும் கீழுமாக ஆறு கதவுகள். மூடிய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது என் நினைவில் நிற்பதே இல்லை. கதவைக் கழற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, “கழட்டிக்கம்மா, காலி பண்றப்போ மாட்டிக் குடுத்துரணும்” என்றார். ஏன் என்று கேட்கவில்லை, நல்ல மனிதர்.

கீல்களின் மேல் எத்தனையோ முறை பெயின்ட் அடித்திருந்தார்கள். திருகாணியின் தலையில் உள்ள பள்ளமே தெரியவில்லை. பழைய காய்கறிக் கத்தியின் முனையால் பள்ளத்தைச் சுரண்டி, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விட்டேன். காலையில் ஸ்க்ரூடிரைவரைப் பள்ளத்தில் வைத்து அதன் பிடியில் சுத்தியால் லேசாக ஒரு தட்டுத் தட்டினால் துரு விட்டுக்கொடுக்கிறது. அப்படித் தட்டாமல் பலத்தைக் காட்டியதில் ஒரு திருகாணியின் தலை மழுங்கிவிட்டது. அதை அப்புறம் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து எடுத்துக் கொடுத்தார்.

இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. முதல் கதவில் மேல்கீலை முதலில் கழற்றினேன். கதவு அப்படியே முன்பக்கம் சாய்ந்து, கீழ்கீல் பிய்த்துக்கொண்டு, மூலை என் கால் பெருவிரலில் இறங்கியது. அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது, கீழ்கீலை முதலில் கழற்ற வேண்டும், கதவுக்கு அடியில் இரண்டு புத்தகம் அண்டை கொடுக்க வேண்டும், மேல்கீலைக் கழற்றும்போது இன்னொரு ஆள் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்ற ஐந்தையும் அம்மா பிடித்துக்கொண்டாள், முணுமுணுத்துக்கொண்டே. “கதவு இல்லாத அலமாரி கடைத்தெருவுலதான்டி இருக்கும். வீட்டுக்கு யாராவது வந்தா என்ன நினைப்பாங்க?” கதவுகளின் பின்பக்கம் பென்சிலால் எண் போட்டு, பழைய புடவையில் சுற்றிப் பரணில் ஏற்றினோம். கீல்கள் கதவிலேயே இருக்கட்டும் என்று சட்டத்துப் பக்கத் திருகாணிகளை மட்டும்தான் எடுத்தேன். கதவுக்கு ஆறு வீதம் முப்பத்தாறு. “கதவுலயே டேப் போட்டு ஒட்டி வையி” என்றாள் அம்மா. ஒரு சின்ன டப்பாவில் போட்டுப் பத்திரமாக வைத்தேன்.

கதவு போனதும் வேறொரு சிக்கல் தெரிந்தது. தட்டின் ஆழம் பதினெட்டு அங்குலம். முன்வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை, அது கதவு போட்டதைப் போலத்தான், கண்ணுக்குத் தெரியாது. அதனால் பின்பாதி ஒன்பது அங்குலத்தை அட்டைப்பெட்டிகளால் அடைத்துவிட்டேன். வருடத்துக்கு ஒருமுறை எடுப்பது மட்டும் அவற்றுக்குள். முன்னால் மிச்சமுள்ள ஒன்பது அங்குலத்தில் ஒற்றை வரிசையாக மூடியில்லாத கூடைகள். இடம் பாதியாகக் குறைந்தது என்று அம்மா சொன்னாள். நான் பயன்படுத்தும் இடம் கூடியது.

கைப்பையும் ஃபேன் சுவிட்சும்

வாசல் கதவுக்குப் பக்கத்தில் சாவி மாட்ட ஒரு பலகை இருந்தால் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அடித்தேன். ஆசாரியிடம் மிஞ்சிய பிளைவுட் துண்டு, மூன்றடி நீளம், ஐந்து கொக்கிகள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதில் ஒரு குடையும் தூசியும் மட்டும் தொங்கின. சாவியும் பையும் வழக்கம்போல சோபாவில். பலகையைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்த டேப் ஒட்டிய வாரத்து வரைபடத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சித்திரை வெயிலில் திருச்சியில் வீட்டுக்குள் நுழைகிறவள் முதலில் எங்கே போவாள்? ஃபேன் சுவிட்சுக்கு. வாசலில் நிற்கவே மாட்டாள். வலது கை சுவிட்சைப் போடும்போது இடது தோளில் இருந்து பை நழுவுகிறது, கீழே சோபா இருக்கிறது. பலகை இருக்க வேண்டிய இடம் சுவிட்சுபோர்டுக்குப் பக்கம்.

பக்கம் என்றால், நேர் கீழேயோ நேர் மேலேயோ இல்லை. சுவருக்குள் பதித்த வயர் குழாய் பெரும்பாலும் போர்டிலிருந்து செங்குத்தாகத்தான் போகும், அந்தக் கோட்டில் டிரில் வைத்தால் வயரில் இறங்கிவிடும் என்று அண்ணன் எச்சரித்தார். வேறு போர்டு எதுவும் அந்தச் சுவரில் இல்லை என்று பார்த்துவிட்டு, ஒன்றரை அடி தள்ளிக் குறித்தார். மெயினை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து டிரில்லை ஓட்டினோம். 6 மில்லிமீட்டர் பிட், ஒன்றரை அங்குலத் திருகாணி. எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று பிட்டின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டிக்கொண்டால் கண்ணால் அளந்துகொண்டே துளைக்கலாம். பழைய பூச்சு, ஒரு துளை பொலபொலவென்று உதிர்ந்து பெரிதாகிவிட்டது. பிளாஸ்டிக் பிளக்கோடு இரண்டு தீக்குச்சிகளைச் சேர்த்து அடித்ததும் இறுகியது. பலகையின் உயரம் என் தோளுக்கு ஒரு சாண் கீழே. கையைத் தூக்கவே வேண்டாம், பை நழுவுகிற வழியிலேயே கொக்கி. பத்து மாதமாகச் சாவி தொலையவில்லை. ஒரே ஒருமுறை தொலைந்தது, அன்றைக்கு மின்வெட்டு. ஃபேன் போட வேண்டியிருக்கவில்லை.

துணியைப் பற்றி நீளமாக எழுதலாம், ஆனால் கண்டுபிடித்தது சின்ன விஷயம்தான். துவைத்தது, அழுக்கு என்று இரண்டு ஜாதித் துணிக்குத்தான் வீட்டில் இடம் இருந்தது. ஒருமுறை ஒரு மணி நேரம் உடுத்திவிட்டுக் கழற்றிய சுடிதார் எந்த ஜாதி? அதற்கு இடமே கிடையாது, அதனால்தான் நாற்காலி. அந்தக் காலத்து வீடுகளில் அறைக்குள்ளேயே மூங்கில் கொடி தொங்கும், பாட்டி வீட்டில் பார்த்திருக்கிறேன். கட்டிலுக்கு மேலே குறுக்காக நைலான் கொடி ஒன்று கட்டினேன். அவ்வளவுதான், நாற்காலி காலியானது. அழுக்குக் கூடையின் மூடியையும் தூக்கிப் போட்டேன். மூடி இருந்த வரைக்கும் துணி மூடியின் மேலேதான் குவிந்தது.

வாஷிங் மெஷினில் துவைத்து மறந்துபோய், மறுநாள் ஊசிப்போன வாடையோடு மறுபடி துவைப்பதுதான் பெரிய தொல்லை. போன் அலாரம் வைத்துப் பார்த்தேன். அடிக்கும், அணைப்பேன், அணைத்ததையும் மறப்பேன். இப்போது மெஷினைப் போட்டதும் காலி பக்கெட்டை என் அறை நிலைப்படிக்கு நடுவே வைத்துவிடுகிறேன். தாண்டித்தான் போக வேண்டும். முதல் வாரம் அம்மா இடித்துக்கொண்டு திட்டினாள், இப்போது “ஏய், பக்கெட்டு நிக்குது” என்று அவளே குரல் கொடுக்கிறாள்.

மாத்திரை கதை

போட்டேனா இல்லையா என்பதுதான் தினசரிக் குழப்பம். சந்தேகத்தில் இன்னொன்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு நல்ல யோசனை வந்தது. தேதி கிழிக்கிற காலண்டருக்குக் கீழே மாத்திரையை வைப்பது. மாத்திரை போட்டால்தான் அன்றைய தேதிக்கு வரும்படி நேற்றைய தாளைக் கிழிப்பது. காலண்டர் இன்றைய தேதி காட்டினால் போட்டாயிற்று. நேற்றைய தேதி காட்டினால் போடவில்லை. இதைவிட நேர்த்தியான கருவி எந்த ஆப்பிலும் இல்லை என்று என்னையே தட்டிக்கொடுத்தேன்.

நாலு நாள் மாத்திரையே சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள்தான் புரிந்தது. அம்மா விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்ததும் முதல் வேலையாகத் தாளைக் கிழித்து ராகுகாலம் பார்க்கிறாள். நான் எட்டு மணிக்கு எழுந்து வந்து இன்றைய தேதியைப் பார்த்து, ஓ, போட்டாச்சு என்று போய்விடுகிறேன். வழக்கமாக நகை வாங்கும் கடையில் கொடுத்த இரண்டாவது காலண்டர் ஒன்று சுருட்டியபடியே இருந்தது. அதை என் அறையில், கட்டிலின் இடது பக்கம் (கண்ணாடியும் தண்ணீர் பாட்டிலும் விழுகிற இடம்) மாட்டினேன். கீழே ஏழு அறை போட்ட மாத்திரைப் பெட்டி. அம்மாவின் காலண்டர் அம்மாவுக்கு, என் காலண்டர் எனக்கு.

காகிதம். இதற்கு நான் கொடுத்த விலை அதிகம். ஒருநாள் மத்தியானம் மின்சாரம் போனது. மின்வெட்டுதான் என்று விசிறியோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஜன்னல் வழியே பார்த்தால் எதிர்வீட்டில் ஃபேன் சுற்றுகிறது. பில் கட்ட வேண்டிய தேதி எப்போதோ தாண்டியிருந்தது. பணம் இருந்தது. மறக்கக் கூடாது என்று பில் தொகையைச் சீட்டில் எழுதி, அதைப் பத்திரமான ஓர் இடத்தில் வைத்திருந்தேன். ‘பத்திரமா வச்சேன்’ என்று நான் சொல்லும் எந்தப் பொருளும் அந்த நொடியிலேயே இந்த உலகத்தை விட்டுப் போய்விடுகிறது. அம்மாவுக்கு பீரோவில் பத்திரமாக வைத்தது இருபத்தேழு வருடம் கழித்தும் கைக்கு வருகிறது. எனக்கும் அவளுக்கும் ஒரே சொல், வேறு வேறு பொருள்.

இதற்கு மளிகைக்கடைக் கல்லா வழி காட்டியது. பில்லைக் குத்தி வைக்கிற கம்பி, அடியில் மரக்கட்டை, மேலே கூர் முனை. காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் எண்பது ரூபாய்க்குக் கிடைத்தது. டிவி மேலே, காகிதம் விழுகிற அதே இடத்தில் வைத்தேன். எந்தக் காகிதம் வந்தாலும் ஒரே குத்து. மேலே இருப்பது புதிது, அடியில் இருப்பது பழையது. நான் அடுக்காமலேயே தேதி வரிசை. போன கார்த்திகை மாதத்து ரசீது வேண்டுமென்றால் எந்த உயரத்தில் இருக்கும் என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். ஓட்டை விழக் கூடாத ஆதார், பத்திரம், சான்றிதழ் எல்லாம் அம்மாவின் பீரோவுக்குப் போய்விட்டன. அவளிடம் ஒப்படைத்ததில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. கம்பியின் முனையில் ஒரு பழைய பாட்டில் தக்கை குத்தியிருக்கிறேன், அக்கா குழந்தை வரும்போது பயமாக இருக்கிறது. ஆமாம், இது ஒரு மூடிதான், என் கொள்கைக்கு விரோதம்தான்.

ஃபிரிட்ஜில் ஒரே ஒரு மாற்றம். கீழே இழுக்கிற காய்கறித் தட்டில் கொத்தமல்லி கறுப்புத் தண்ணீராகிப்போகிறது என்பதால், கீரையையும் காயையும் கண் உயரத் தட்டுக்கு ஏற்றி, ஊறுகாய் பாட்டில்களைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினேன். ஊறுகாயை யாரும் மறக்க மாட்டார்கள். மேல்தட்டில் கீரை சீக்கிரம் வாடுகிறது என்று அம்மா சொல்வது உண்மை. வாடுவதற்குள் சமைத்துவிடுகிறோம் என்பதும் உண்மை.

எல்லாவற்றையும் திறந்து வைப்பதில் வேறொரு ஆபத்து உண்டு. இரண்டு மாதத்தில் கண்ணுக்குப் பழகிப்போய், தெரிவதே தெரியாமல் போகிறது. சுவரில் ஒட்டிய மஞ்சள் சீட்டுகள் பத்தே நாளில் சுண்ணாம்பைப் போல ஆகிவிட்டன. போதாக்குறைக்கு உறையூர்த் தூசி, பல்லி எச்சம். ஒருநாள் சாயங்காலம் அலமாரியைப் பார்த்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் கத்துவதைப் போல இருந்தது, எழுந்து வெளியே போய்விட்டேன். அம்மா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மெய்ப்புக் கொடுக்கப் போய்த் திரும்பி வந்தால், தன் பழைய சுங்குடிப் புடவையை இரண்டாகக் கிழித்து ஓரம் தைத்து, ஸ்கிரீன் ஸ்பிரிங்கில் கோத்து, மேல் இரண்டு தட்டுகளுக்குத் திரையாகக் கட்டியிருந்தாள். இடுப்பு உயரத்தில் உள்ள இரண்டு தட்டுகள் மட்டும் திறந்தபடி. “இதுல கதவும் இல்ல, கடைத்தெருவும் இல்ல. போதுமா?” என்றாள். போதும். நான் தினமும் தொடுவது அந்த இரண்டு தட்டுகளைத்தான். யாராவது வந்தால் அந்தத் திரையையும் கீழே வரை இழுத்துவிட்டுக்கொள்கிறாள்.

துணி மடிப்பது இன்னும் எனக்கு வராத வேலை. தனியாக உட்கார்ந்தால் மூன்றாவது துணியில் எழுந்துவிடுவேன். பக்கத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே வேலை ஓடும் என்பதற்கு பாடி டபுளிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. வெள்ளிக்கிழமைக்காக வியாழன் சாயங்காலம் அம்மா உதிரி மல்லிகையை முறத்தில் கொட்டிக் கட்ட உட்காருவாள், நான் எதிரே துணிக்குவியலோடு உட்காருவேன். இரண்டு முழம் கட்ட அவளுக்கு இருபது நிமிடம் ஆகும். கடிகாரத்தில் இருபது நிமிடம் என்றால் எனக்கு ஒன்றும் புரியாது, அது ஐந்தாகவும் இருக்கலாம், ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம். பூச்சரம் நீள்வது கண்ணுக்குத் தெரிகிறது. இன்னும் ஒரு சாண் இருக்கிறது, நாலு புடவை இருக்கிறது. அவள் நாரை முடிந்து அறுக்கும்போது நானும் எழுந்துவிடலாம், மீதி இருந்தால் இருக்கட்டும்.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: கூடைகள் பன்னிரண்டில் ஏழுதான் பயன்படுகிறது. லேபிள் மெஷின் தண்டம். கொக்கி, திருகாணி, கொடி, குத்துக்கம்பி எல்லாம் சேர்ந்து ஐந்நூறு ரூபாய் தாண்டவில்லை. புடவை அம்மாவுடையது. நகவெட்டி ஆறையும் வீசவில்லை. கட்டில் பக்கம் ஒன்று, குளியலறையில் ஒன்று, கைப்பையில் ஒன்று என்று அது தேவைப்படுகிற இடங்களிலேயே விட்டுவிட்டேன். கத்தரிக்கோலுக்கும் அதே வழி, வீட்டில் இப்போது நாலு. வீட்டுக்கு ஒன்று போதாதா என்று அம்மா கேட்கிறாள்.

கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கு இன்னும் இருக்கிறது, பரணை ஒழுங்குபடுத்த நான் இன்னும் தொடங்கவே இல்லை. காய்ச்சல் வந்த ஒரு வாரத்தில் எல்லாம் சரிந்து, திருப்பி அடுக்கப் பத்து நாள் ஆனது. முன்பு மூன்று மாதம் ஆகியிருக்கும்.

போன வாரம் வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். பெயின்ட் அடிக்கப் போகிறாராம், அலமாரிக் கதவுகளை மாட்டிவிட்டால் ஒரே கையாக அடித்துவிடலாம் என்றார். பரணிலிருந்து ஆறு கதவுகளையும் இறக்கினோம். புடவை சுற்றியபடியே, பென்சில் எண் அழியாமல், கீலோடு. அம்மா கதவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“திருகாணி எங்கடி?”

முப்பத்தாறு. ஒரு சின்ன டப்பாவில்தான் போட்டேன், நன்றாக நினைவிருக்கிறது. மூடிகூடப் போட்டேன். மூன்று நாளாகத் தேடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்குப் போனால் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.